வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

கோ என்றால் போ. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் சனிக்கிழமைதோறும் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். கேட்பதற்கு நாங்கள். விடுதிக் காப்பாளர்கள், சமையல்கட்டில் வேலை செய்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள். எல்லாரும் பெண்கள், பிள்ளை பெற்றவர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து சாப்பாட்டுக்கூடத்தைக் கழுவிவிட்ட ஈரம் காய்வதற்குள் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். சாம்பார் வாசனையோடுதான் நான் இங்கிலீஷ் படித்தேன்.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற ரோட்டில் இருக்கிற பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே பெண் பிள்ளைகள் விடுதியில் நான் காப்பாளர். கேட்கப் பெரிய பதவி மாதிரி இருக்கும். விளக்கை அணைக்கச் சொல்வது, காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கஞ்சி வாங்கிக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை கேட்டில் நிற்பது, இவ்வளவுதான் வேலை. அதற்கு முன்னால் எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவது வரைக்கும் படித்திருக்கிறேன்.

திடீரென்று நிர்வாகம் ஒரு நாள் சொன்னது, இனிமேல் யாரும் பிள்ளைகளிடம் தமிழில் பேசக் கூடாதாம். பெற்றவர்கள் இங்கிலீஷுக்காகத்தான் இங்கே கொண்டுவந்து விடுகிறார்களாம். கற்றுக்கொள்ள முடியாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமாம். இதைச் சொன்ன மேலாளர் டை கட்டியிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்கு அடியில் பயம் இருந்தது. திரும்பவும் பண்ணைக்குப் போய் அந்த நாற்றத்தில் குனிந்து நிற்கிற பயம். வகுப்பில் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாலே படித்தது மறந்துபோகும். எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் பெரிய மகளைவிடச் சின்னவள் அவள். அவள் முன்னால் நான் அப்படி நின்றேன்.

அந்த வாரம் கோ. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எவ்வளவு வேலை வாங்குகிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பால் கெட்டால் கோ. தலை நரைத்தால் கோ. கரண்ட் நின்றால் கோ. மனுஷனுக்குப் புத்தி பேதலித்தாலும் கோ. அதில் எனக்குச் சண்டை இல்லை. நம்மிடமும் பால் கெட்டுப்போகிறது, முடி நரைத்துப்போகிறது, கரண்ட் போகிறது. இன்னொன்றும் சொன்னாள். 'ஹேஸ் கான்' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டால் அதற்கு வேறு சொல் போட வேண்டும். இதுவும் எனக்குப் புரிந்தது.

சண்டை வந்தது அடுத்த வாக்கியத்தில். பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்து 'வேர் ஆர் யூ கோயிங்' என்று கேட்கச் சொன்னாள். எங்கே போகிறாய். ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு பிள்ளையையும் நான் இப்படிக் கேட்க வேண்டும், அது நிர்வாகத்தின் உத்தரவு என்றும் சொன்னாள்.

நான் கேட்க மாட்டேன் என்றேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அவர் கிளம்பி வாசல்படி இறங்கும்போது எங்கே என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் போச்சு. திரும்பி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். லோடு நேரமாகிறது என்று முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தாலும் சரி. கிளம்புகிறவரும் போறேன் என்று சொல்ல மாட்டார். வாரேன் என்பார், இல்லாவிட்டால் போயிட்டு வாரேன் என்பார். வெறும் போறேன் என்ற சொல் எங்கள் வீட்டு வாசலில் கேட்டதே இல்லை. இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, இங்கிலீஷ்ல கேட்டா சகுனத்துக்குப் புரியாதுக்கா" என்றாள் அவள்.

"ஆமாங்க, சகுனமும் எட்டாங்கிளாஸ்தான் படிச்சிருக்கும், இவளையாட்ட" என்றாள் சமையல்காரி. அவள் எனக்கு நல்ல சிநேகிதி. அதனால்தான் அப்படிப் பேசுவாள்.

நான் விடவில்லை. வெள்ளைக்காரர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்னதான் சொல்வார்கள் என்று கேட்டேன். 'ஐ யாம் கோயிங்' என்பார்கள் என்றாள். அவங்கம்மா வாய் மேலயே ஒண்ணு போட மாட்டாளா என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெற்றவர்கள் வருகிற நாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கார், வேன், மொபெட் எல்லாம் நிற்கும். தூக்குப்போசியில் பிரியாணி, எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு. பிள்ளைகளுக்கு அன்று கலர் டிரெஸ். பார்க்க வந்த பெரியவர்களோடு மட்டும் வெளியே போய்ப் பொழுதோடு திரும்பலாம். வாட்ச்மேன் வண்டிகளை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். கேட்டில் நான் மட்டும்.

அந்தப் பிள்ளை பதினோராவது படித்தது. ஊர் சேலம் தாண்டி ஆத்தூர் போகிற ரோட்டில், அயோத்தியாப்பட்டணம் பக்கம். அப்பா கொத்தனார், அம்மா அவரோடேயே சித்தாள் வேலைக்குப் போகிறவர். அதிகம் பேசாது. தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டால் என் ரூமுக்கு வந்து கதவோரம் நிற்கும். கேட்காது, நிற்கும். நானே கையில் ஊற்றிவிடுவேன். போன பரீட்சைக்கு அப்புறம் அதைக் கடைசி செக்‌ஷனுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே செக்‌ஷன் மாறினால் ரூமும் மாறும், கட்டிலும் மாறும், சாப்பிடுகிற வரிசைகூட மாறும். பிள்ளைகளை முட்டை மாதிரி தரம் பிரிப்பார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

மூன்று மணி வாக்கில் ஒரு பச்சைப் புடவைக்காரம்மா கேட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல இந்தப் பிள்ளை, தோளில் சின்னப் பை. அம்மாவோடு போகிறது என்று நினைத்தேன். இங்கிலீஷ் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கிளம்புகிற பிள்ளையை எப்படிக் கேட்பது? விழுங்கிவிட்டேன்.

"போயிட்டு வா சாமி" என்றேன்.

அது நின்று என்னைப் பார்த்தது. "போறேங்க்கா" என்றது. போய்விட்டது.

அடுத்து ஒரு குடும்பம். அப்புறம் இன்னொரு குடும்பம், ராசிபுரம் பக்கத்துக்காரர்கள். அவர்கள் வீட்டுக் குட்டிப்பெண், அக்காவைப் பார்க்க வந்தது, நாலு வயது இருக்கும், என் முட்டியைத் தொட்டு "போயிட்டு வாரேனுங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னது. நானும் சிரித்துக்கொண்டே கை ஆட்டினேன். ஆட்டின கை அப்படியே நின்றது.

நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிகிறது. அந்தப் பிள்ளை ஏன் போறேன் என்றது?

வண்டிகளுக்கு நடுவில் நின்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். கேட்டை அவரிடம் விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அதன் ரூமில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். கட்டிலைப் பார்த்தேன். போர்வை மடித்து வைத்திருந்தது. அந்தப் பிள்ளை ஒரு நாளும் போர்வையை மடித்ததில்லை, அதற்காக நானே கத்தியிருக்கிறேன். அவர்களிடம் கேட்டேன். காலையில் தன் ஊறுகாய் பாட்டிலை இந்தப் பிள்ளைகளிடம் கொடுத்ததாம், மூடிகூடத் திறக்காத பாட்டில். கிளிப், சோப்பு டப்பா, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டதாம். ஏன் என்று கேட்டீர்களா என்றேன். இல்லை என்றார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்களாம்.

கீழே இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சமையல்காரி வழியில் நின்றாள். சொன்னேன். அவள் என்னைத் தேற்றப் பார்த்தாள்.

"அது ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சுடி. அவங்க அப்படித்தான் வெட்டுனாப்பல பேசுவாங்க."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பற ஊரு எங்கயாச்சும் இருக்குதா?"

அவள் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

மேலாளர் ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் தமிழில்தான் சொன்னேன். அவர் எழுந்து நின்று, "வேர் டிட் ஷி கோ" என்றார். எனக்குப் புரிந்தது. முந்தின நாள் மத்தியானம் முழுக்க இதைத்தானே படித்தோம். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று சொல்கிறேன், இந்த ஆள் என்னிடம் இங்கிலீஷில் கேட்கிறான். தெரியலைங்க, வீட்டுக்குப் போன் போடுங்க என்றேன்.  

பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். அதன் அம்மா எடுத்தார். கான்கிரீட் வேலை இருந்தது, இந்த வாரம் வர முடியாதென்று பிள்ளையிடம் சொல்லியிருந்தோமே என்றார். அடுத்த மூச்சிலேயே "ஏன் கேக்கறீங்க? எம்புள்ள எங்க?" என்றார். அந்தக் குரலை நான் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் விளக்கும்போது கேட்கிறது.

மேலாளர் போனை வைத்துவிட்டு இன்னொரு நம்பரைக் கூப்பிட்டார். யாரோ மேலே இருக்கிறவரிடம் பேசினார். அதில் 'ஷி ஹேஸ் கான்' என்று வந்தது. வாழ்க்கையில் நான் யார் உதவியும் இல்லாமல் முதல் தடவையாக முழுசாகப் புரிந்துகொண்ட இங்கிலீஷ் அதுதான். போனவர் இன்னும் திரும்பவில்லை.

வெளியே பெற்றவர்கள் இருக்கிறார்கள், சத்தம் போடக் கூடாது என்றார். பள்ளிக்கூட வண்டியை நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். பிள்ளை வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கும், சேலம் பஸ்ஸில் ஏறுவதற்குள் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. போலீசுக்குச் சொல்லுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். வீட்டுக்குப் போகிற பிள்ளை ஊறுகாயைக் கொடுத்துவிட்டா போகும்? இதைச் சொன்னேனா இல்லையா என்று ஞாபகமில்லை. சமையல்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவளிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. நாமக்கல் பக்கம் வண்டி போயாச்சு, நாம் எதிர்ப் பக்கம் போவோம் என்றேன்.

அந்த ரோட்டை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அவ்வளவு கிணறு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கரும்புக் காட்டுக்குள் ஒன்று, வாழைத்தோப்புக்கு முன்னால் ஒன்று, சுற்றுச்சுவர் இல்லாமல் ரோட்டோரத்திலேயே ஒன்று. ஒவ்வொன்றிலும் சமையல்காரி வண்டியை நிறுத்துவாள். நான் இறங்கிப் போய் எட்டிப் பார்ப்பேன். பார்ப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணைத் திறந்தால் கலங்கின தண்ணீர், மோட்டார் பைப், ஒரு தவளை.  திரும்பி வந்து வண்டியில் ஏறும்போது, இல்லை என்று தலையை ஆட்டுவேன். அடுத்த கிணறு வரும்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். பையோடு ஒரு பிள்ளையைப் பார்த்தாரா என்று கேட்டேன். வேலூர் பஸ்ஸில் ஏறிப் போச்சுங்க என்றார். அழுதுச்சுங்களா என்றேன்.

"இல்லீங்க. நல்லா சிரிச்ச மொகமாத்தான் இருந்துச்சு. சில்லறை மாத்திக் குடுத்தேன், தேங்ஸ்னு சொல்லுச்சு."

அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. வேலூர் என்றால் காவேரி. மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போவதை வாட்ச்மேன் முந்தின நாள்தான் போனில் படம் காட்டியிருந்தார்.

சமையல்காரி வண்டியை முறுக்கினாள். எதிர்க்காற்றில் அவள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எதுவும் வேண்டவில்லை. திட்டிக்கொண்டே வந்தேன். அந்த மேலாளரை, செக்‌ஷன் மாற்றுகிறவனை, கான்கிரீட் வேலையை, இங்கிலீஷை. திட்டுவதை நிறுத்தினால் அந்தத் தண்ணீர் கண்முன் வந்தது. அதனால் நிறுத்தவில்லை.

வேலூரில் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு பாலத்துப் பக்கம் திரும்பினோம். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் நிறுத்தம். சிமெண்டு பெஞ்சு. அதில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. மடியில் பை. கண் ஆறு இருக்கிற திசையில்.

சமையல்காரி வாயைத் திறந்தாள். நான் அவள் தோளை அழுத்தினேன். கத்திக் கூப்பிட்டால் எழுந்து ஓடிவிடுமோ என்று பயம். தூரத்திலேயே இறங்கி, கடைக்கு வந்தவள் மாதிரி நடந்து போனேன். பக்கத்தில் போய் நின்றேன். தமிழில் என்ன கேட்பது? இங்கே ஏன் வந்தாய் என்றா? கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலை என் காதால் கேட்க முடியாது. வாயில் எது இருந்ததோ அது வந்தது. முந்தின நாள் மனப்பாடம் செய்து, சொல்ல மாட்டேன் என்று சண்டை போட்டது.

"வேர் ஆர் யூ கோயிங்?"

அந்தப் பிள்ளை நிமிர்ந்தது. அங்கே பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறார்களே, கேள்வி கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று. அது பழக்கத்தில் ஆரம்பித்தது. "ஐ யாம் கோயிங் டு..." என்றது. அதற்கு மேல் இல்லை. உதடு அசைந்தது. கண் என் மேலேயே இருந்தது.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் யாராவது இருந்திருந்தால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"எங்க போறன்னு கேட்டுப்போட்டேன் சாமி" என்றேன். "இனி உக்காந்து தண்ணி குடிக்காம ஒரு அடி எடுத்து வெக்கக்கூடாது. தெரியுமல்லோ?"

அது எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்துதான் இருந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நன்றாக உட்கார்ந்தது. செருப்பைக் கழற்றியது. எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் இது தெரியாத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. சமையல்காரி வண்டிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தாள்.  அந்தப் பிள்ளையே வாங்கித் திறந்து குடித்தது. குடிக்கக் குடிக்கக் கண்ணிலிருந்து வழிந்தது. பாட்டில் தீரும்வரை குடித்தது. நான் அதன் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

காலி பாட்டிலை மூடிவிட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "கிளம்பறப்பவே கேட்டிருக்கலாம்லக்கா."

"கேட்டிருந்தா என்ன சாமி சொல்லியிருப்ப?"

"தெரியலக்கா. நின்னிருப்பேன்."

பையின் வாரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். 

அங்கிருந்தே அதன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் மேலாளருக்குப் பேசினேன், தமிழில், அவருக்குப் பிடிக்காத தமிழில். திரும்பும்போது மூன்று பேரும் ஒரே மொபெட்டில் வந்தோம். பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டேன். வழியில் அதே கிணறுகள். அதன் கண்ணில் படக் கூடாதென்று சம்பந்தமில்லாமல் எதையோ பேசிக்கொண்டே வந்தேன்.

பொழுது சாய்ந்ததும் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். இருவர் காலிலும் சிமெண்டு காய்ந்திருந்தது. குளிக்காமல் அப்படியே வந்திருந்தார்கள். மேலாளர் அவர்களை உட்காரவைத்து ஏதேதோ விளக்கினார். அந்த அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளையின் தலையில் கை வைத்தார், எடுக்கவே இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போங்கள், திட்டிவிடாதீர்கள், தனியாக விடாதீர்கள் என்று நான் அந்த அம்மாவின் காதில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். ஆட்டோ வரும்வரைக்கும் விடவில்லை.

கேட்டில் ஆட்டோ நின்றது. அம்மா ஏறினார், அப்பா ஏறினார். அக்காவிடம் சொல்லிவிட்டு ஏறு என்றார் அம்மா. அந்தப் பிள்ளை என் முன்னால் வந்து நின்றது. எந்தச் சொல் வரும் என்று நான் அதன் வாயையே பார்த்தேன். 

"தண்ணி குடிச்சிட்டேங்க்கா" என்றது. ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போது அது ஊரிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. அம்மா எப்போதாவது பேசுவார். நன்றாக இருக்கிறது என்கிறார். நன்றாக என்றால் என்னவென்று நான் தோண்டிக் கேட்பேன். சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, தன் பொருளை யாருக்காவது கொடுக்கிறதா.

கேட்டில் கேமரா வைத்துவிட்டார்கள். மேலாளர் அதே டையோடு வந்து, இனியாவது ஒழுங்காக இங்கிலீஷில் கேளுங்கள் என்று எனக்குப் புத்தி சொன்னார். கேட்கிறேன். இங்கிலீஷிலும் கேட்கிறேன், தமிழிலும் கேட்கிறேன். எங்க போற சாமி, யாரோட போற, எப்ப வருவ. கேட்டோரமாக ஒரு ஸ்டூலும் ஒரு மண்பானையும் வைத்திருக்கிறேன். கிளம்புகிறபோது இப்படிக் கேட்கலாமா என்று பெற்றவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர் என்னை அறிவிருக்கிறதா என்றே கேட்டார். உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று சொம்பை நீட்டினேன்.

வீட்டிலும் கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் படி இறங்கும்போது, வாய் தவறி இல்லை, வேண்டுமென்றேதான். அவர் என்னை முறைத்துவிட்டு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பானையில் தண்ணீர் நிரப்புவேன். கேட்டில் நின்று கேட்பேன். பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் நான் முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். ஏதோ ஒரு பிள்ளை மட்டும் ஒரு நொடி தயங்கும். அது வேறு ஏதாவது நினைப்பாக இருக்கலாம், இங்கிலீஷ் வராததாகக்கூட இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பை வாரில் என் கை தானாகப் போய்விடுகிறது. தண்ணீர் குடித்து முடிக்கும்வரை விடுவதில்லை.